அழுகிற பிள்ளையும் அமுக்குகிற கையும்



இரவு மணி பத்து. விடிகாலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர்கள் படுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. ஐந்து வாரக் கைக்குழந்தை சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கிய அழுகையை இன்னும் நிறுத்தவில்லை. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டு நடந்தாயிற்று. பிள்ளை முகம் சிவந்து, கையை இறுக்கி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து தாயும் அழுகிறாள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வருகிறார். "உரம் விழுந்திருக்கும்டி. வேட்டியிலே போட்டு உருட்டினா சரியாப் போயிடும்" என்கிறார். எதிர்வீட்டு அக்கா, "மலாய்க்கார பீடான் கிட்டே காட்டு, வயித்தை நல்லா பிடிச்சு விடுவாங்க" என்கிறார். பத்து பாகாட் டவுனில் வேலை செய்யும் தங்கச்சி கைத்தொலைபேசியை நீட்டுகிறாள். "அக்கா, இதைப் பாரு. பிறக்கும்போது மண்டை எலும்பு அழுந்திப் போச்சாம். அதனாலதான் பிள்ளை அழுவுதாம். லேசாத் தொட்டே சரி பண்ணுறாங்களாம்."

மூவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தாய் யார் பேச்சைக் கேட்பது? தங்கச்சி காட்டிய வைத்தியத்துக்குக் கிரேனியல் ஆஸ்டியோபதி என்று பெயர். மண்டையோட்டைக் கையால் தொட்டுச் செய்யும் வைத்தியம் என்று சொல்லலாம். இந்த இதழில் அதைப் பற்றிப் பார்ப்போம். கூடவே நம் பாட்டியின் உரத்தையும் பார்ப்போம். இரண்டும் தூரத்து உறவு என்பது போகப் போகத் தெரியும்.

எவ்வளவு அழுதால் அதிகம்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கைக்குழந்தை அழுவது நோய் அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களைக் கொண்டே நாள்தோறும் குறித்து வைக்கச் சொன்னார். 1962இல் முடிவை வெளியிட்டார். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போகிறது. ஆறாவது வாரத்தில் உச்சிக்கு வருகிறது. அப்போது நல்ல ஆரோக்கியமான பிள்ளையே ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அழுகிறது! அதற்குப் பிறகு மெல்ல இறங்கி, மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. சாயங்காலமும் முன்னிரவும்தான் அழுகை அதிகம்.

இன்னும் கூடுதலாக அழும் பிள்ளைகளும் உண்டு. 1954இல் மோரிஸ் வெஸல் என்ற மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதற்கு ஓர் அளவு சொன்னார்கள். நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது 'காலிக்'. பால் குடித்து, எடை ஏறி, மற்ற நேரத்தில் நன்றாக இருக்கும் பிள்ளைக்குத்தான் இந்தப் பெயர். இதற்கு ஒரே காரணம் என்று எதையும் இன்றுவரை மருத்துவ உலகம் கண்டுபிடிக்கவில்லை. காரணம் தெரியாத இடத்தில்தான் ஆயிரம் வைத்தியம் முளைக்கும். அது உலக வழக்கம்.

நம் பாட்டிமார் சொன்ன காரணம்

உரம் விழுந்தது, குடல் ஏறியது, கண் பட்டது, பயந்துவிட்டது என்று நம்மவர்கள் பல காரணம் சொல்வார்கள். பிள்ளையைத் தூக்கும்போது கழுத்தோ முதுகோ பிசகிக்கொண்டது என்பதுதான் உரம். அதை எடுக்க வேட்டியிலோ சேலையிலோ பிள்ளையைப் படுக்க வைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். சில இடங்களில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் உண்டு. பிள்ளை குளிக்கும்போது மண்டையை உருண்டையாகப் பிடித்து விடுவதும், மூக்கை நீவி விடுவதும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவதும் நாம் கண்டதுதான்.

இதில் ஒன்றைப் பாராட்ட வேண்டும். பாட்டியின் கை பிள்ளையைத் தொட்டது, தாயின் கையிலிருந்து கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டது. அது பெரிய உதவி. ஆனால் உரம் என்று ஒன்று விழுவதில்லை. கழுத்து நிற்காத பிள்ளையை உருட்டுவதும், தலைகீழாகத் தூக்குவதும் ஆபத்து. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். இவற்றை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் சொன்ன காரணம்

இனி தங்கச்சி காட்டியதற்கு வருவோம். ஆஸ்டியோபதி என்ற கைவைத்தியத்தைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1892இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கர்க்ஸ்வில் என்ற ஊரில் அதற்கொரு கல்லூரி திறந்தார். அங்கே படித்த மாணவர் வில்லியம் கார்னர் சதர்லாந்து. 1899வாக்கில் கல்லூரியில் பிரித்து வைக்கப்பட்டிருந்த ஒரு மண்டையோட்டைப் பார்த்தார். காதுக்கு மேலே உள்ள எலும்பின் ஓரம் சரிவாகச் சீவியது போல் இருந்தது. அது அவருக்கு மீனின் செவுளை நினைவூட்டியது. செவுள் மூச்சு விட அசைவது போல் இந்த எலும்பும் அசையத்தான் இப்படி அமைந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

அந்த எண்ணத்தை அவர் விடவில்லை. பல ஆண்டுகள் தன் தலையிலேயே பட்டைகளைக் கட்டி இறுக்கிச் சோதனை செய்தார். 1939இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மூளையைச் சுற்றியுள்ள நீர் ஒரு தாளத்தில் ஏறி இறங்குகிறது, மண்டை எலும்புகள் அதோடு சேர்ந்து நுணுக்கமாக அசைகின்றன, அந்த அசைவு தடைப்பட்டால் நோய், கையால் தொட்டுத் தடையை நீக்கினால் குணம். இதுதான் அவர் கொள்கை. பிரசவத்தில் அழுந்திய பிள்ளையின் தலைக்கு இதைப் பொருத்திப் பார்த்ததால்தான் அழும் பிள்ளைகளுக்கும் இந்த வைத்தியம் வந்தது.

உள்ளே ஏதோ இடம் மாறிவிட்டது, கை வைத்தால் திரும்பிவிடும் என்கிறார் சதர்லாந்து. நம் பாட்டியும் அதையேதான் சொன்னார்! ஒன்று வேட்டியில் வந்தது, மற்றொன்று கண்ணாடிக் கதவு போட்ட அறையில் வருகிறது.

மண்டை எலும்பு நகருமா?

பிள்ளையின் மண்டை எலும்புகள் பிறக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. இடையில் மெல்லிய சவ்வு இருக்கிறது. பிரசவத்தின்போது எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, தலை குறுகி, வெளியே வருகிறது. அதனால்தான் புதுப் பிள்ளையின் தலை நீண்டு கோணலாகத் தெரிகிறது. சில நாட்களில் அது தானாகவே சீராகிவிடும். யாரும் பிடித்து உருட்டத் தேவையில்லை. உச்சந்தலையில் மெத்தென்று துடிக்கும் உச்சிக்குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடிக்கொள்ளும். பின்பக்கத்துச் சிறு குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும்.

ஆக, பிள்ளையின் எலும்புக்கு இடைவெளி உண்டு என்பது உண்மை. ஆனால் அது விரலால் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு தாளத்தில் மூச்சு விடுகிறது, அது தடைப்பட்டதால் பிள்ளை அழுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஒரு சோதனையைக் கேளுங்கள். ஒரே ஆளின் தலையைப் பயிற்சி பெற்ற இரண்டு வைத்தியர்கள் தொட்டு, தாளம் நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணினார்கள். இப்படிப் பல ஆராய்ச்சிகள் நடந்தன. ஒருவர் சொன்ன எண்ணிக்கை மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. நம் தொழிலாளிக்கு இது நன்றாகப் புரியும். ஒரே வாளிப் பாலை இரண்டு தராசில் நிறுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை காட்டினால், அந்தத் தராசை நம்பிக் கூலி வாங்க நாம் சம்மதிப்போமா?

பிள்ளைகளிடம் சோதித்தார்களா?

சோதித்தார்கள். 2006இல் பிரிட்டனில் 28 குழந்தைகளை வைத்து ஒரு சிறு ஆராய்ச்சி வெளிவந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு இந்த வைத்தியம் செய்தார்கள், மற்றவர்களுக்குச் செய்யவில்லை. வைத்தியம் பெற்ற பிள்ளைகளின் அழுகை அதிகமாகக் குறைந்தது. ஆனால் தன் பிள்ளைக்கு வைத்தியம் நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும். அழுகையைக் குறித்துக் கொடுத்தவர்களும் அந்தப் பெற்றோர்தான்.

2012இல் இது போன்ற கைவைத்தியங்களின் ஆறு ஆராய்ச்சிகளை, மொத்தம் 325 குழந்தைகளை, காக்ரேன் என்ற உலக அமைப்பு சேர்த்துப் பார்த்தது. மொத்தக் கணக்கில் அழுகை குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு வைத்தியம் நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியாத ஆராய்ச்சிகளை மட்டும் தனியே எடுத்தபோது, உறுதியான பலன் தெரியவில்லை.

2024இல் பிரிட்டனிலிருந்து இன்னொரு ஆராய்ச்சி வந்தது. 66 குழந்தைகள். ஒரு பகுதிக்கு ஆஸ்டியோபதி வைத்தியம். மறு பகுதிக்கு வைத்திய நோக்கம் எதுவும் இல்லாமல் வெறுமனே மென்மையாகத் தொடுதல். எது யாருக்கு என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. இரண்டு பகுதிக்கும் இடையே பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. அதாவது, பட்டம் பெற்ற கையும் சும்மா தொட்ட கையும் ஏறத்தாழ ஒன்றுதான்.

"எங்க பிள்ளைக்குக் குணமாச்சே!"

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. குணமாகத்தான் ஆகியிருக்கும். எப்படி என்று யோசியுங்கள்.

பிள்ளையை எப்போது வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்? அழுகை உச்சிக்கு வந்து, இனித் தாங்காது என்கிறபோது. அது ஐந்தாவது, ஆறாவது வாரம். அதற்கு மேல் அழுகை இறங்கத்தான் போகிறது. டிசம்பர் மாத அடைமழையில் ஒருவர் வந்து, "நான் மழையை நிறுத்துகிறேன், ஐந்து வாரம் கூலி கொடுங்கள்" என்றால் என்ன ஆகும்? மழை நிற்கும். அவர் நிறுத்தினார் என்று ஊர் பேசும்.

இன்னொன்றும் உண்டு. அந்த அறையில் ஒருவர் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து, "எப்படிம்மா இருக்கீங்க? தூங்குறீங்களா?" என்று தாயைக் கேட்கிறார். பிள்ளையை மென்மையாகத் தொடுகிறார். தாயின் பதற்றம் தணிகிறது. இதுவும் பலன்தான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கக் கணவனுக்கும் மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பட்டம் வேண்டியதில்லையே!

போகத்தான் போகிறோம் என்றால்

சிலர் மனசு கேட்காமல் போவார்கள். திட்ட மாட்டோம். ஆனால் சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று: முதலில் டாக்டரிடமோ மிஸ்ஸியிடமோ காட்டி, வேறு நோய் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றது.

இரண்டு: நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் ஏற்கப்பட்ட துறைகளில் ஆஸ்டியோபதியும் ஒன்று. பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதிவு என்பது ஆளைப் பற்றிய அடையாளம். வைத்தியம் பலிக்கும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

மூன்று: மென்மையாகத் தொடுவதைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்காதீர்கள். கழுத்தைத் திருப்புவது, முதுகை வளைப்பது, சொடக்கு எடுப்பது, உச்சிக்குழியை அமுக்குவது எதுவும் கூடாது. நெதர்லாந்தில் மூன்று மாதப் பெண் குழந்தை ஒன்று, கழுத்தையும் முதுகெலும்பையும் இப்படி வளைத்ததன் பின் உயிரிழந்தது. அந்நாட்டு மருத்துவ இதழில் 2009இல் அது பதிவாகியிருக்கிறது. யார் செய்தாலும், பீடானோ பாட்டியோ பட்டம் பெற்றவரோ, இந்த விதி ஒன்றுதான்.

நான்கு: "பத்துத் தடவை வாங்க, முன்பணம் கட்டுங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "ஊசி போடாதீங்க, மருந்தை நிறுத்துங்க" என்று யாராவது சொன்னால் அங்கே மறுபடி காலெடுத்து வைக்காதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியது

காசில்லாத வைத்தியம் பல உண்டு. பிள்ளைக்குப் பிள்ளை எது ஒத்துக்கொள்ளும் என்பது வேறுபடும்.

பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். "தூக்கித் தூக்கிப் பழக்கிட்டா கெட்டுப் போயிடும்" என்பது தவறு. கனடாவில் மோன்ட்ரியல் நகரில் 1986இல் வெளியான ஆராய்ச்சியில், அழாத நேரத்திலும் பிள்ளையைக் கூடுதலாகத் தூக்கி வைத்துக்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள் ஆறாவது வாரத்தில் 43 விழுக்காடு குறைவாக அழுதன. ஆனால் காலிக் முற்றிய பிள்ளைக்கு இது அவ்வளவு பலிப்பதில்லை. அதனால் தூக்கியும் அழுகை நிற்கவில்லை என்றால் உங்கள் குற்றம் என்று நினைக்காதீர்கள்.

பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விட வையுங்கள். மார்பில் வாய் சரியாகப் பொருந்துகிறதா என்று மிஸ்ஸியிடம் காட்டுங்கள். விளக்கைக் குறைத்து, டிவியை நிறுத்தி, தாழ்ந்த குரலில் பாடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம். ஏணையில் போட்டால் கண் முன்னே வைத்து மெதுவாக ஆட்டுங்கள். ஸ்பிரிங் ஏணையை வேகமாகக் குதிக்க விடாதீர்கள். தூங்க வைக்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள், குப்புற வேண்டாம்.

கொடுக்கக் கூடாதது: ஒரு வயதுக்குள் தேன் கூடாது. ஆறு மாதம் வரை தண்ணீர், கஷாயம், வசம்பு உரைத்த மருந்து எதுவும் வேண்டாம். கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தில் நோட்டிங்ஹாம் நகரில் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் செய்தது. பழைய மருந்தில் சாராயமே சேர்ந்திருந்தது! பிள்ளை தூங்கியதில் என்ன வியப்பு? இப்போது சாராயம் இல்லாமல் செய்கிறார்கள், ஆனால் அழுகையை நிறுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கற்பூரமும் மெந்தாலும் கலந்த எண்ணெயைப் பிள்ளையின் முகத்திலோ நெஞ்சிலோ தடவாதீர்கள், மூச்சுத் திணறும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. பிள்ளையைப் பிடித்து ஒருபோதும் குலுக்காதீர்கள்! ஆத்திரத்தில் சில நொடி குலுக்கினாலே மூளையில் இரத்தம் கசிந்து, கண் போகலாம், உயிரே போகலாம். தலை சுற்றிக் கோபம் ஏறுகிறது என்று தெரிந்தால், பிள்ளையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து பத்து நிமிஷம் நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். யாரையாவது கூப்பிடுங்கள். பிள்ளை பத்து நிமிஷம் அழுதால் ஒன்றும் ஆகாது.

உடனே கிளம்ப வேண்டிய அடையாளங்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் உரமும் பார்க்காதீர்கள், உருட்டவும் செய்யாதீர்கள். நேரே கிளினிக்குக்குப் போங்கள். இரவென்றால் பத்து பாகாட் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நிலைமை மோசமென்றால் 999க்கு அழையுங்கள்.

- மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் எழாதது
- பச்சை நிறத்தில் வாந்தி, அல்லது பீய்ச்சி அடிக்கும் வாந்தி
- மலத்தில் இரத்தம், வயிறு கல்லாக உப்புவது
- உச்சிக்குழி புடைத்து நிற்பது, வலிப்பு
- வேகமான மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, உதடு நீலமாவது
- தொடை இடுக்கிலோ விதைப்பையிலோ வீக்கம்
- விரலிலோ கால்விரலிலோ தலைமுடி சுற்றி இறுகியிருப்பது
- எடை ஏறாமல் நிற்பது, அல்லது வழக்கத்துக்கு மாறான புது மாதிரி அழுகை

பிள்ளையின் ரெக்கார்டுப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதில் உள்ள எடைக் கோடு டாக்டருக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

தாயை யார் பார்ப்பது?

இவ்வளவு நேரம் பிள்ளையைப் பற்றிப் பேசினோம். அந்த வீட்டில் அழுத இன்னொரு ஜீவனை மறக்கக் கூடாது. இரவெல்லாம் விழித்து, பகலெல்லாம் வேலை செய்து, "உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியல" என்ற பேச்சையும் வாங்கிக்கொள்பவள் அவள். சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. அதற்கு வைத்தியம் உண்டு. கிளினிக்கில் மிஸ்ஸியிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தகப்பன்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. தகப்பனுக்கும் 7 நாள் விடுப்பு உண்டு. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத்துக்கு 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அழுகையின் உச்சம் 42ஆம் நாள் வாக்கில். முன்பு 60ஆம் நாளில், அழுகை இறங்கத் தொடங்கிய கையோடு, தாய் வேலைக்குத் திரும்பினாள். 98 நாள் என்றால் 14 வாரம். பெரும்பாலான பிள்ளைகள் அடங்கிவிடும் காலம் அது. இந்த விடுப்பைக் கடைசி நாள் வரை எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது குறைத்துக் கொடுத்தால் சங்கக் கிளையில் சொல்லுங்கள்.

விடுப்பு முடிந்த பிறகும் தகப்பனின் கை இருக்கிறதல்லவா? சாயங்காலம் ஆறு மணிக்கு அழுகை தொடங்கும்போது, "நீ ஒரு மணி நேரம் படு, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிப் பிள்ளையைத் தோளில் போட்டு வாசலில் நடங்கள். பாட்டி ஒரு முறை, அக்கா ஒரு முறை வாங்கிக்கொள்ளட்டும். வேட்டியில் உருட்ட வந்த அதே இரண்டு பேர், மாறி மாறித் தூக்கி நடந்தாலே போதும்.

மண்டை எலும்பு எதுவும் நகரவில்லை, உரமும் விழவில்லை. உங்கள் பிள்ளை வளர்கிறது, அவ்வளவுதான். இன்னும் சில வாரத்தில் ஒரு சாயங்காலம் அழ மறந்து உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். அதுவரை ஆளுக்கொரு கை கொடுங்கள்!